வால் மூடாத மீன்

“ஏழே முக்கால்தான் மச்சான். பன்னெண்டு மணிக்கு மேலதான் வரணும்னு பேய்க்கு எவனாவது ஷிஃப்ட் போட்டுக் குடுத்திருக்கானா?”

ஜெர்சனின் கேள்வி ஹர்ஷாவுக்கு. அவன்தான் கதை நடந்த நேரத்தைக் கேட்டுக் கிண்டல் செய்திருந்தான். பொத்தேரியில் கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அறைப் புழுக்கம் தாங்காமல் மொட்டைமாடிக்கு ஏறி வந்த நாலைந்து பேர் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிப் பாய் விரித்து, ஒருவர் முழங்கால் இன்னொருவர் மேல் படும்படி உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்களின் வெளிச்சம் மட்டும் தெற்கே போய்க்கொண்டிருந்தது. விஷ்ணுப்ரியா துப்பட்டாவால் காதை மூடிக்கொண்டு, ஒரு காதை மட்டும் வேண்டுமென்றே வெளியே விட்டிருந்தாள். யாருக்கு நடந்தது என்று அவள் கேட்டாள்.

“நம்ம கோபுவோட அக்கா. வெண்ணிலா அக்கா. போன மாசம் உனக்குக்கூட ஒரு பார்சல் கொண்டாந்து குடுத்தாங்களே, இடது கையால எழுதுவாங்களே... அவங்கதான்,” என்றான் ஜெர்சன்.

கோபு ஊருக்குப் போயிருந்தான். அவன் இருக்கும்போது இந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை.

ஜெர்சன் சொன்னது இதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின கார்த்திகை மாதம். மழை விட்டு அரை மணி நேரம். வண்டலூரில் கேளம்பாக்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், மிருகக்காட்சி சாலையின் பின்சுவரை ஒட்டியே போகும் ஒரு தெரு. ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் முள் மண்டிய மனைகள், நடுநடுவே வீடுகள். விளக்குக் கம்பம் ஆறு, எரிவது ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் சிங்கம் உறுமினால் இந்தப் பக்கம் அலமாரியில் டம்ளர் அதிரும். புதிதாகக் குடிவந்தவர்கள் அதற்குத் தூக்கம் கெட்டு எழுந்து உட்காருவார்கள். பழகியவர்கள் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்பார்கள்.

அந்தத் தெருவில், பார்சல் டெலிவரி வேலை பார்க்கும் வெண்ணிலா வண்டியில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் பெரிய பை. பையில் ஒரே ஒரு பார்சல். பயந்துகொண்டு வரவில்லை, கோபத்தில் வந்தாள். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் பிறகு அவள் ஏன் ஓடவில்லை என்பது புரியும்.

ஒரு பார்சலைக் கையெழுத்து வாங்காமல் வைத்துவிட்டு வர வேண்டுமானால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வாங்குகிறவரே ‘வாசலில் வைக்கவும்’ என்று எழுதிக் கேட்டிருக்க வேண்டும். மணி அடிக்க வேண்டும். இடைவெளி விட்டு மூன்று தடவை போன் செய்ய வேண்டும். தெருவிலிருந்து கண்ணில் படாத இடம், மழை படாத இடம் பார்த்து வைக்க வேண்டும். கதவு எண்ணும் பார்சலும் ஒரே போட்டோவில் விழ வேண்டும். இத்தனைக்கும் பிறகு போன் திரையில் கையெழுத்துக்கான கட்டம் ஒன்று திறக்கும். அதில் ஏதாவது போட்டால்தான் அடுத்த முகவரி வரும். ஆளே இல்லாத வீட்டில் யார் போடுவது? அதனால் டெலிவரிப் பையன்கள் விரலால் எதையாவது கிறுக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கொஞ்சம் நல்ல பிள்ளைகள் வாங்குகிறவரின் பேரையே எழுதிவிடுவார்கள்.

வெண்ணிலா எழுத மாட்டாள். அவள் கோவளம் குப்பத்துப் பெண். அப்பாவின் படகு மூக்கில் ஒரு மீன் இருந்தது. நீலப் பெயின்டில், கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்ட மீன். போட்டபோது வாலின் கீழ் முனை வரும் இடத்தில் பிரஷ் காய்ந்துவிட்டது. அந்த முனை மூடாமலே நின்றது, பிறகு யாரும் மூடவும் இல்லை. அவள் அம்மா சரளா மீன் விற்கும் கூடையிலும் அதே வால் மூடாத மீன்தான். வெண்ணிலா அதைக் கட்டத்தில் போடுவாள். பார்சலின் மேலும் நீல மார்க்கரால் நேரத்தை எழுதி, பக்கத்தில் மீனைப் போட்டு, பிறகுதான் போட்டோ எடுப்பாள்.

பார்சல்கள் வந்து பிரிந்து போகும் ஹப்பில் பொறுப்பாக இருந்த சாம்பசிவன் இரண்டு தடவை கண்டித்துப் பார்த்தார். “மீன் இருந்தா யாரும் கையெழுத்து போடலன்னு அர்த்தம் சார். நீங்க சொல்ற கிறுக்கலுக்கு இன்னா அர்த்தம்?” என்று கேட்டாள் அவள். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தத் தெருவில் பதினேழாம் எண் வீட்டுக்கு மூன்று மாதத்தில் பதினொரு பார்சல் வந்திருந்தது. பேர் திரிபுரசுந்தரி. எல்லாமே தட்டையாக, லேசாக இருக்கும். குறிப்பு ஒன்றே: ‘பெல் வேலை செய்யாது. வாசல் படியில் வைக்கவும்.’ வெண்ணிலா பதினொரு தடவையும் முறைப்படி எல்லாம் செய்துவிட்டுப் படியில் வைத்துவிட்டு வந்தாள். போன் மட்டும் ஒரு தடவையும் கிடைத்ததில்லை. அடுத்த வாரம் போகும்போது பழைய பார்சல் படியில் இருக்காது. யாரோ எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலம் சாம்பசிவன் அவளைக் கூப்பிட்டு ஒரு புகாரைப் படித்துக் காட்டினார். எழுதியவர் பெங்களூரிலிருந்து ஸ்ரீவத்சன் என்பவர். பதினேழாம் எண் அவருடைய அம்மா வீடு. அம்மா இறந்து இரண்டு வருஷம். வீடு பூட்டிக் கிடக்கிறது. அம்மாவின் பேரில் யாரோ ஆர்டர் போட்டு, யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். போட்டோக்களைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். பதினொன்றிலும் கதவு எண், பார்சல், நீல மீன்.

உள்ளே இருந்த பொருளும் அதில் எழுதியிருந்தது. பதினொன்றும் இரட்டைக் கோடு நோட்டு.

“இதை எடுத்துட்டுப் போய் என்னம்மா பண்ணின? திரும்ப ஒண்ணாங்கிளாஸ் சேரப்போறியா?” என்றார் சாம்பசிவன். பார்சல் பிரித்துக்கொண்டிருந்த பையன்கள் சிரித்தார்கள். பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியும் மேலே படிக்க முடியாமல் போனவள் அவள். அந்தச் சிரிப்பு அவளுக்கு எங்கே போய்க் குத்தியது என்று அவர்களுக்குத் தெரியாது.

அவர் கெட்டவர் இல்லை. மேஜையில் ஒரு கடிதத்தை எடுத்துவைத்தார். பதினொரு பார்சலையும் நானே எடுத்துக்கொண்டேன் என்று இருந்தது. கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் விஷயம் இதோடு முடியும், வேறு ஹப்பில் வேலை வாங்கித் தருகிறேன் என்றார். போடாவிட்டால் காலையில் அவள் ஐடி நின்றுவிடும், புகார் ஸ்டேஷனுக்குப் போகும். அது அவர் கையிலும் இல்லை.

“போட மாட்டேன் சார். எவங்க எடுத்தாங்களோ அவங்க கையெழுத்த வாங்கிக்கினு வந்து இதே டேபிள் மேல வெக்கிறேன்.”

திருப்பி அனுப்பும் பார்சல்களுக்கான ரேக்கில் பதினேழாம் எண்ணுக்கான பன்னிரண்டாவது பார்சல் இருந்தது. புகார் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்ட பார்சல் அது. மேலே சிவப்பில் ‘கையெழுத்து கட்டாயம்’ என்று ஒட்டியிருந்தார்கள். அப்படிப்பட்ட பார்சலை வாசலில் வைக்கவே கூடாது. நேரில் கொடுத்து, தாளில் பேரும் கையெழுத்தும் வாங்க வேண்டும். வெண்ணிலா பார்சலையும், பேருக்கும் கையெழுத்துக்கும் வரிசையாகக் கட்டம் அச்சிட்ட ஒரு நிரப்பாத தாளையும் எடுத்துக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஜெர்சன் நிறுத்தினான்.

“ஒண்ணு இப்பவே சொல்லிடறேன். அப்புறம் பயத்துல கேக்க மறந்துடுவீங்க. அந்த லெட்டர்ல அக்கா கையெழுத்து போடல. இன்னி வரைக்கும் போடல.”

ஹர்ஷா ஏதோ கேட்க வாயெடுத்தான். விஷ்ணுப்ரியா அவன் தொடையில் கிள்ளினாள்.

ஏழே முக்கால். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பதினேழுக்குப் பக்கத்து வீட்டு வாசலில் தோத்தாத்ரி என்ற ரிட்டயர்ட் ஆபீசர் டார்ச்சோடு நின்று, தேங்கிய தண்ணீரை வாரியலால் தள்ளிக்கொண்டிருந்தார். எந்த வீடு என்று கேட்டார். சொன்னாள். வாரியல் நின்றது.

முன்கதவு உள்தாழ் போட்டிருக்கிறது, பின்கதவில்தான் பூட்டு, சாவி பெங்களூரில், அங்கே யாரும் இல்லை என்று சொன்னார். பிறகு அவள் கேட்காமலே இன்னும் கொஞ்சம் சொன்னார். அந்த அம்மாள் டீச்சர். கடைசி வருஷம் ஸ்ட்ரோக் வந்து வலது கை போய்விட்டது. இடது கையால் போட்ட கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகவில்லை என்று பேங்கில் பென்ஷனை நிறுத்திவைத்தார்கள். பெருவிரல் ரேகை வைத்தால் போதும் என்று பிள்ளை கெஞ்சினான்.

“முப்பத்தோரு வருஷம் பசங்களோட ரிப்போர்ட் கார்டுல கையெழுத்துப் போட்டவ நான், கைநாட்டு வெக்க மாட்டேன்னுட்டா. கடைசி வரைக்கும் வெக்கலை,” என்றார். பிறகு டார்ச்சை அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே டிவியின் சத்தம் கூடியது.

வெண்ணிலாவுக்கு அந்த அம்மாளைப் பிடித்துவிட்டது. அதுதான் வினை.

கேட்டைத் திறந்தாள். போர்ட்டிகோவில் ஈர அட்டை வாசனை. அதோடு இன்னொரு வாசனை... ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வகுப்பறையில் வருமே, பென்சில் சீவின வாசனை. கதவுக்கு முன்னால் போய் நின்றாள். நிலைக்கு மேலே பித்தளையில் பதினேழு. கதவுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் உயரத்துக்கு இடைவெளி. அதற்குப் பின்னால் இருட்டு.

எல்லாம் முறைப்படி செய்தாள். பெல்லை அழுத்தினாள். வேலை செய்யவில்லை. முதல் போன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அஞ்சு நிமிஷம் நின்றாள். இரண்டாவது. அதேதான். சுவருக்கு அப்பால் சிங்கம் ஒரு தடவை உறுமி ஓய்ந்தது. மூன்றாவது போன்...

எடுத்தார்கள்.

பேச்சு இல்லை. வேறு ஒரு சத்தம். கர்ர்ர்க்... கர்ர்க்... தாளில் எதையோ அழுத்தி இழுக்கிற சத்தம். நிற்கும். மறுபடி இழுக்கும். வெண்ணிலா போனைக் காதிலிருந்து எடுத்தாள். சத்தம் நிற்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்தும் அதே சத்தம்தான் வந்துகொண்டிருந்தது. போனில் மட்டும் அது அரை நொடி பிந்தி வந்தது.

“ஓட வேண்டியதுதானே,” என்றான் ஹர்ஷா. அவன் குரல் இறங்கியிருந்தது.

“ஓடினா? காலைல லெட்டர்ல கையெழுத்து போடணும். திருடின்னு.”

வெண்ணிலா தொண்டையைச் செருமிக்கொண்டு, எந்த வாசலில் நின்றாலும் சொல்வதையே சொன்னாள். அம்மா, டெலிவரி. கையெழுத்து வேணும்.

சத்தம் நின்றது.

அவள் குனிந்து தாளைக் கதவுக்கு அடியில் பாதி தள்ளினாள். பேனாவையும் உருட்டிவிட்டாள். பேனா உருண்டு போன சத்தம் கேட்டது. அது எதிலும் முட்டிய சத்தம் கேட்கவில்லை. தாள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல, ஒரு சுருக்கம் விழாமல், உள்ளே போனது.

கர்ர்ர்க்.

தாள் திரும்பி வந்தது. போன் வெளிச்சத்தில் பார்த்தாள். பேர் எழுத வேண்டிய இடம் காலி. கையெழுத்துக் கட்டத்தில் ஒரு மீன்.

அவள் மீன். மூக்கில் ஆரம்பித்து, முதுகு ஏறி, வால் சுற்றி, வயிறு வழியாகத் திரும்பும் அதே இழுப்பு. கோடு நடுங்கியிருந்தது. வால் மட்டும் மூடியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே வண்டியை எடுத்திருப்பார்கள். வெண்ணிலாவுக்குப் பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. இந்தத் தாளைக் கொண்டுபோய் மேஜை மேல் வைத்தால் சாம்பசிவன் என்ன சொல்வார்? உன் மீனை நீயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாய் என்பார். வால் மூடியிருக்கிறது, இது என் கை இல்லை என்று அவள் சொல்லலாம். பையன்கள் அதற்கும் சிரிப்பார்கள்.

“இது எங்க படகு மீனு. இத நீங்க போடக்கூடாது. உங்க பேர எழுதுங்க,” என்றாள் கதவைப் பார்த்து.

மார்க்கரால் மீனை அடித்துவிட்டுத் தாளை மறுபடி தள்ளினாள். உள்ளே போனது. கர்ர்ர்க். வந்தது. இரண்டாவது வரிசையில் இன்னொரு மீன். நடுக்கம் குறைந்திருந்தது. வால் முனையில் ஒரு சின்ன இடைவெளி விழுந்திருந்தது.

மறுபடி அடித்தாள். மறுபடி தள்ளினாள். மூன்றாவது மீனில் அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் அகலம். இன்னும் ஒரு தடவை தள்ளினால் வித்தியாசம் ஒரு மயிரிழைகூட இருக்காது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நான்காவது மீன் அவளுடையதாகவே இருக்கும். அதன் பிறகு அந்தப் பதினொரு நோட்டையும் எடுத்தது யார் என்று உலகத்தில் எவரும் கேட்க மாட்டார்கள்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். போயிருக்கலாம். கேட் திறந்துதான் இருந்தது. வண்டி பத்தடியில் நின்றது.

போகவில்லை. குனிந்து போன் வெளிச்சத்தைக் கதவுக்கு அடியில் விட்டாள். உள்ளே தரை தெரியவில்லை. தரை முழுக்க இரட்டைக் கோடு நோட்டுகள், விரித்தபடி, ஒன்றோடொன்று ஒட்டிவைத்த மாதிரி. கண்ணுக்கு எட்டின வரை ஒவ்வொரு கோட்டிலும் மீன். எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. வாசல் பக்கம்.

அவள் நிமிர்ந்தாள். அப்போது ஓடத் தோன்றியது என்று பிற்பாடு கோபுவிடம் ஒத்துக்கொண்டாளாம். ஓடாமல் படியில் உட்கார்ந்தாள். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். பார்சலை மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்களுக்குக் கைநாட்டு வெக்கப் பிடிக்கல, வெக்கல. சரி. எனக்கும் எடுக்காதத எடுத்தேன்னு எழுதிக் குடுக்கப் பிடிக்கல. நீங்க டீச்சரு. உங்க பேரு உங்களுக்குத் தெரியும். திரிபுரசுந்தரின்னு எழுதுங்க. எழுதற வரிக்கும் இங்கியேதான் குந்திக்கினு இருப்பேன்.”

எட்டு மணி. எட்டேகால். போர்ட்டிகோ விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பக்கத்து வீட்டு டிவி நின்றது. சிங்கம் உறுமவே இல்லை. அந்த நேரத்தில் அது உறுமாமல் இருந்ததே இல்லை என்று அந்தத் தெருக்காரர்கள் சொல்வார்கள்.

எட்டரைக்குக் கதவு லேசாக அசைந்தது. திறக்கவில்லை. மறுபக்கம் யாரோ அதே மாதிரி முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் எப்படிக் கனம் மாறுமோ, அப்படி. பலகை வழியாக ஒரு குளிர் அவள் தோள்பட்டையில் இறங்கியது. குரல் சரியாக அவள் காதின் உயரத்துக்கு வந்தது. கண்டிப்பான குரல் இல்லை. வகுப்பில் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஒரே ஒரு பிள்ளையிடம் பேசுகிற குரல்.

“பேர் மறந்துபோச்சும்மா. எழுத உக்காந்தா வரவே மாட்டேங்கறது. நீதான் ஒவ்வொரு பெட்டி மேலயும் இதைப் போட்டு வெச்சுட்டுப் போனியே... இதைப் பாத்துப் பாத்துத்தான் பழகறேன். இது ஒண்ணுதான் கைக்கு வரது.”

வெண்ணிலாவின் வலது கை தரையில், கதவின் இடைவெளிக்குப் பக்கத்தில் ஊன்றியிருந்தது. அன்று வரை அவள் எல்லோரையும் போல வலது கைக்காரிதான்.

கதவுக்கு அடியிலிருந்து அவளுடைய பேனா மெதுவாக உருண்டு வந்து, அந்தக் கையின் சுண்டு விரலில் முட்டி நின்றது.

“வால் முனைலதான் நிறுத்தத் தெரியலை. எழுதற வரைக்கும் போக மாட்டேன்னியே... பேனாவை எடுத்துக்கோ. நான் கையைப் பிடிச்சுக்கறேன், நீ ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டு. கொஞ்சம் இப்படி... கையை உள்ளே நீட்டேம்மா.”